திருகு தெர்மோஸ்டாட்டா, போர்டு வைத்த ஃபிரிட்ஜா? காசிமேட்டுக்கு எது தோது

மழையில் தெரு பில்லர் பாக்ஸுக்குள் தண்ணீர் ஏறினால், சென்னைக் கடலோரக் காசிமேட்டில் எங்கள் பக்கம் கரண்ட் ஒரேயடியாகப் போகாது, போய்ப் போய் வரும். இதை மனதில் வைத்துத்தான் போன மாதம் ஃபிரிட்ஜ் வாங்கினோம். எடுத்தது குளிரைக் கூட்டிக் குறைக்கத் திருகு வைத்த ஒற்றைக் கதவு மாடல். எலக்ட்ரானிக் போர்டு மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் ஃபிராஸ்ட் ஃப்ரீயில் ஐஸ் மலையாகக் கட்டாது, சத்தம் குறைவு, இடமும் அதிகம். அதிலெல்லாம் மறுபேச்சு இல்லை.

எங்களுக்கு முடிவைச் சொன்னது ரிப்பேர். பழைய ஃபிரிட்ஜில் ஒருநாள் பல்பு எரிகிறது, மோட்டார் மட்டும் ஓடவில்லை. வந்த மெக்கானிக் அண்ணன், "அக்கா, மொதல்ல ப்ளக்க புடுங்கிடுங்க" என்றார். உள்ளே திருகு இருக்கும் பெட்டியைக் கழற்றி, தெர்மோஸ்டாட்டின் (குளிரைப் பார்த்து மோட்டாரைப் போட்டு நிறுத்தும் சுவிட்ச்) இரண்டு வயரையும் எடுத்துவிட்டு, மல்டிமீட்டரை வைத்தார். திருகை முழுக்கத் திருப்பியும், சுவிட்ச் சேர்ந்தால் வர வேண்டிய பீப் வரவில்லை. முனையைக் காட்டினார்: கடற்காற்றில் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. தெர்மோஸ்டாட் போய்விட்டது என்று தெரிந்தது அவ்வளவு சுலபமாக. மெல்லிய குழாயில் இருக்கும் வாயு குளிரில் சுருங்கி, சூட்டில் விரிந்து சுவிட்சைத் தட்டுகிறது. அது வேலை செய்யத் தனியாகக் கரண்டே வேண்டாம். சில நூறு ரூபாயில் புதிது மாட்டி, அன்று மாலையே மீனை உள்ளே வைத்தோம்.

பெரம்பூரில் அக்கா வீட்டில் இருப்பது போர்டு வைத்தது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு கரண்ட் திரும்பி வந்ததும் லைட் மினுக்கியதோடு சரி, குளிரவில்லை. போர்டையே மாற்றச் சொன்னார்கள். ஆயிரக்கணக்கில் செலவு, அது வரும்வரை காத்திருப்பு வேறு. ஒரே வீட்டில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். போர்டைப் பிரித்துச் சரிசெய்பவர்களும் இருக்கிறார்கள். இன்வெர்ட்டர் மோட்டார் மெதுவாகக் கிளம்புவதால் லோ வோல்டேஜை நன்றாகத் தாங்கும் என்பதும் உண்மை.

திருகு மாடலுக்கு அந்தத் தாங்கும் சக்தி கிடையாது. கரண்ட் போய் உடனே வந்தால் கம்ப்ரஸரின் ஒரு பக்கம் அழுத்தம் இறங்காமல் நிற்கும். மோட்டார் முக்கிப் பார்த்துவிட்டு, ஓவர்லோட் என்ற காப்பு சுவிட்ச் 'டொக்' என்று விழும். ஆகவே ஸ்டெபிலைசர் கட்டாயம், அதுவும் கரண்ட் வந்தபின் மூன்று நிமிடம் பொறுத்துக் கொடுக்கும் டிலே உள்ளதாக. முதலில் வாங்கியதில் டிலே இல்லை. மறுநாளே கடைக்குக் கொண்டுபோய் மாற்றி வந்தோம்.