கோத்தகிரி நாற்றுப்பண்ணையில் வாங்கிய டைகர் லில்லி

கோத்தகிரிச் சாலையோர நாற்றுப்பண்ணையில் வாங்கிய டைகர் லில்லி, கொடுத்த விலைக்கு மேலாகவே பலன் தந்திருக்கிறது. இலை தண்டோடு சேரும் கோணத்தில், மிளகைவிடச் சற்றே பெரிதாக, கருமை மின்னும் சிறு குமிழ்கள் உருவாகின்றன. அவற்றுள் சில, தண்டில் இருக்கும்போதே வெண்ணிற வேரை நீட்டிவிடுகின்றன. பரவலாக வளர்க்கப்படும் இவ்வகை மும்மடியக் குரோமோசோம் கொண்டதாதலால், அதாவது மரபுப் பண்புகளைச் சுமக்கும் குரோமோசோம்கள் வழக்கமான இரண்டுக்குப் பதிலாக மூன்று தொகுதிகளாக இருப்பதால், பெரும்பாலும் விதை பிடிப்பதில்லை. உதிர்ந்து வேரூன்றும் குமிழ்களே தாய்ச்செடியின் அச்சு மாறாத வாரிசுகள். பண்ணையில் இருந்த அம்மா இதைச் செடியைக் காட்டியே பொறுமையாக விளக்கியது மிகவும் பாராட்டத்தக்கது. ஆனால், தொட்டியில் நிரப்பியிருந்த களிமண் நீலகிரி மழைக்குச் சற்றும் ஆகாது. நீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும் என்பதால், வாங்கியவுடன் மண்ணை மாற்றிவிடுங்கள். குமிழ்களைத் தனியாகவும் விற்கிறார்கள். பூக்க இரண்டு மூன்று ஆண்டுகள் காத்திருக்கக் கூடியவர்களுக்கு அதுவே சிக்கனம்.