தோஜி சந்தையில் வாங்கிய சட்சுமா ஜாடி

முதலில் மதிப்பெண். சந்தைக்கு ஐந்துக்கு நாலரை. ஜாடிக்கு மூன்று. விற்றவருக்கு மதிப்பெண் போடும் அளவுக்கு என் கோபம் இன்னும் ஆறவில்லை.

கியோட்டோவின் தோஜி கோயிலில் மாதாமாதம் 21ஆம் தேதி சந்தை கூடும். கோபோ தாய்ஷி என்ற துறவியின் நினைவு நாள் அது; அதனால் ஊர்க்காரர்கள் சந்தையையே 'கோபோ-சான்' என்கிறார்கள். ஊறுகாய், பழைய கிமோனோ, செடி, இரும்புக் கெண்டி எல்லாம் ஐந்தடுக்குக் கோபுரத்தைச் சுற்றிக் கடை விரித்திருக்கும். நான் ஒசாகாவிலிருந்து கிளம்பி ஏழு மணிக்கே போய்விட்டேன். வெயில் ஏறியபின் போனால் அந்தக் கூட்டத்தில் ஒரு ஜாடியைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்க்கவே பயமாக இருக்கும்.

எனக்கு வேண்டியது சட்சுமா என்ற ஜப்பானியப் பீங்கான் வகை மண்பாண்டம். தந்த நிறம், மேலே எனாமலும் பொன்னும். சூளையிலிருந்து எடுத்து ஆறும்போது மண்ணும் மெருகும் ஒரே அளவில் சுருங்காது. அதனால் உடம்பு முழுக்கச் சிலந்திவலை போல நுண்ணிய வெடிப்பு. அது குறையில்லை, அதுதான் அழகே. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் கொரியப் படையெடுப்புக்குப் போன ஷிமாசு பிரபு பிடித்து வந்த கொரியக் குயவர்கள் தெற்கே அவருடைய சட்சுமா நாட்டில் தொடங்கிவைத்த தொழில் இது. 1867 பாரிஸ் கண்காட்சிக்குப் பிறகு வெளிநாட்டார் கேட்கக் கேட்க, கியோட்டோ, ஒசாகா, யோகோஹாமா என்று கண்ட இடத்திலும் செய்து, எல்லாவற்றையும் சட்சுமா என்றே கப்பலேற்றினார்கள். எனவே அடியில் வட்டத்துக்குள் சிலுவை போட்ட ஷிமாசு முத்திரையைக் கண்டதும் துள்ளிக் குதிக்காதீர்கள். எல்லோரும்தான் போட்டார்கள்.

நான் எடுத்தது 24 செ.மீ. உயரம். புத்தரின் சீடர்கள், இங்கே ராகன் என்பார்கள், நெருக்கியடித்து நிற்கிறார்கள். லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அச்சுப் படமாக இருந்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். இதில் புருவத்தின் ஒவ்வொரு முடியும் தூரிகைக் கோடு. கழுத்தில், கை படும் இடத்தில் மட்டும் பொன் தேய்ந்திருந்தது. சரி, பழசுதான்.

"இது சாதோகாயேரி" என்றார் கடைக்காரப் பெரியவர். கல்யாணமாகிப் போன பெண் பிறந்த வீட்டுக்கு வருவதற்கு அந்தச் சொல். வெளிநாடு போய்த் திரும்பிய பழம்பொருளுக்கும் வியாபாரிகள் அதையே சொல்வார்கள். நான் அதில் விழுந்துவிட்டேன். 18,000 யென் சொன்னார், 15,000க்கு முடிந்தது. அடியில் பச்சை ஃபெல்ட் துணி ஒட்டியிருந்தது. மேசையில் கீறல் விழாமலிருக்க யாரோ அக்கறையாக ஒட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் தண்ணீர் ஊற்றி நாலு சாமந்தி வைத்தோம். காலையில் மேசைவிரிப்பு நனைந்து கிடக்கிறது. துணியைப் பிய்த்தால் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. பிளாஸ்டர் வைத்து அடைத்து, தந்த நிறம் பூசியிருந்தார்கள். மேல்நாடுகளில் இந்த மாதிரி ஜாடிகளின் அடியில் துளைபோட்டு ஒயர் விட்டு மேசை விளக்காக்கிவிடுவார்கள் என்று அப்புறம்தான் படித்தேன். புகுந்த வீட்டில் என்ன பாடு பட்டதோ!

அடுத்த மாதம் போட்டோவோடு போய் நின்றேன். "வெடிப்புள்ள ஜாடியில் யாராவது தண்ணீர் ஊற்றுவார்களா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். அது நியாயம்தான். ஆனால் ஓட்டையைப் பற்றி வாயே திறக்கவில்லை. பணமும் வரவில்லை.

போகிறவர்கள் ஃபெல்ட் ஒட்டியதைத் துணியை எடுத்துக் காட்டச் சொல்லாமல் வாங்காதீர்கள். வாய்க்குள் டார்ச் அடித்தும் பாருங்கள். பழம்பொருள் மட்டும் போதுமென்றால் அதே கோயிலில் முதல் ஞாயிறு கூடும் சந்தை தேவலை, ஊறுகாய்க் கூட்டம் இருக்காது. முடிந்தால் முதல் நாளே சன்னென்சாகா தெருவிலுள்ள கியோமிசு சன்னென்சாகா அருங்காட்சியகத்தில் சட்சுமா ஓவியத்துக்குப் பேர்போன யாபு மெய்சானின் வேலையைப் பார்த்துவிடுங்கள். நான் பிறகுதான் பார்த்தேன். வீடு திரும்பினால் என் ராகன்கள் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்கள் மாதிரி தெரிந்தார்கள்.

என் மனைவிக்கு இந்த வருத்தமெல்லாம் இல்லை. ஓட்டைதான் இருக்கிறதே, பிளாஸ்டரைத் தட்டிவிட்டு மறுபடியும் விளக்காக்கிவிடலாம் என்கிறாள். பல்பு வாங்கியாயிற்று.