ஹைகிரவுண்டு பக்கம் ஒரு பிசியோ சென்டர்: ஒம்போது மாசம் போன கதை

போன வருசம் பொங்கல் கபடியில ரெய்டு போய்ட்டு திரும்பும்போது கார்னர்ல நின்னவன் கணுக்கால புடிச்சிட்டான், ஒடம்பு கோட்டுப் பக்கம் திரும்பிருச்சு கால் திரும்பல, இடது மூட்டுல டப்புனு ஒரு சத்தம், எனக்கே கேட்டுச்சு. ஊர்ல எண்ணெய் போட்டு நீவுனதுலயே ரெண்டு மாசம் வீணாப் போச்சு. அப்புறந்தான் ஸ்கேன் எடுத்தோம், ஏசிஎல், அதாவது மூட்டுக்குள்ள எலும்ப இழுத்துப் புடிக்குத நாரு, முழுசா அந்துருச்சுன்னாவ, ஆபரேசன். அது முடிஞ்சு மூட்டுக்குப் பயிற்சி எடுக்கப் போன பிசியோ சென்டர்தான் இது. பேரு போடல, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரி பக்கம் ஒரு சந்துல இருக்கு.

மொதல்ல குறைய சொல்லிருதேன். மூட்டு போனவன் வார எடத்த மாடியில வச்சிருக்காவ, லிப்ட் கெடையாது, கக்கத்துல கட்டைய வச்சிக்கிட்டு 19 படி, எண்ணிருக்கேன். கேட்டா பிசியோ சாரு "இதுவும் எக்சர்சைஸ்தான தம்பி"ன்னு சிரிக்காரு. பில்லு கேட்டாத்தான் வரும். ஒரு தடவைக்கு 350 ரூவா, ஆரம்பத்துல வாரம் மூணு தடவ, கையில காசு நிக்கல.

ஆனா வேல சுத்தம். மொத ஒரு மாசம் பெருசா ஒண்ணுமே கெடையாது, குதிங்காலுக்கு அடியில துண்ட சுருட்டி வச்சு மூட்ட நேரா நீட்டணும், தொடைய இறுக்கி பத்து எண்ணணும், ஐஸ் வைக்கணும், அவ்வளவுதான். இதுக்கா 350னு எங்கம்மா ஏசுனாவ. மூட்டு முழுசா நீளலன்னா ஆயுசுக்கும் நொண்டிதான்னு சாரு சொன்னப்புறந்தான் அவிய வாய மூடுனாவ. ஒம்போது மாசத்துக்கு முன்னால களத்துல கால வைக்காதன்னுட்டாரு. கடைசியில ஒத்தக் கால்ல தாவச் சொல்லி டேப் புடிச்சு அளந்தாரு, வலது கால் தாவுன தூரத்துல நூத்துக்கு தொண்ணூறாவது இடது காலும் தாவணும்.

அங்க சைக்கிள் மிதிக்க வார ஒரு காலேஜ் பையன் போன்ல அமெரிக்கா புட்பால் பாத்துக்கிட்டே இருப்பான். நம்ம வ.உ.சி. மைதானத்துல ஆடுத புட்பால் இல்ல, அது வேற, முட்டை மாதிரி பந்து. அதுல பந்த எறியுதவன்தான் குவார்ட்டர்பேக். அப்படி ஒரு குவார்ட்டர்பேக்தான் ஜோ பர்ரோ, சின்சினாட்டி டீம், 2020 நவம்பர்ல இவனுக்கும் என்ன மாதிரியே இடது மூட்டு, ஏசிஎல்லோட மூட்டு உள்பக்கத்து நாரு எம்சிஎல்லும் சேந்து போச்சு, அதுவும் மொத சீசன்லயே. அடுத்த சீசன் மொத மேட்ச்லயே எறங்கிட்டான். 4,611 கெஜம் எறிஞ்சு 34 டச்டவுன் (நம்ம புட்பால்ல கோல் மாதிரி), பைனல் வரைக்கும் கூட்டிட்டுப் போயி 23-20ல தோத்தான். இதெல்லாம் பெருசுதான், ஆனா எனக்கு மனசுல நின்னது வேற கணக்கு. எறியுறதுக்குள்ள ஆளுங்க பாஞ்சு வந்து இவன சாய்ச்சா சாக்னு எழுதுவானாம், அந்த வருசம் லீக் மேட்ச்லயே இவன 51 தடவ சாய்ச்சிருக்கானுவ, டென்னசி டீம் கூட நாக்அவுட்ல மட்டும் 9 தடவ, அந்த மேட்ச 19-16னு ஜெயிச்சும்ட்டான்! மூட்டுல தையல் போட்டவன் எத்தன தடவ விழுந்து எந்திரிச்சிருக்கான் பாருங்க.

ஏன் சொல்லுதேன்னா எனக்கு ஓட்டம் வந்துருச்சு, விழத்தான் பயம். யாராவது காலத் தொட்டாலே ஒடம்பு தானா பின்னால போவும். இத நான் வாய் தொறந்து சொல்லவே இல்ல, சாரே கண்டுபுடிச்சு மெத்தைய விரிச்சு, ஒரு பையன விட்டு கணுக்கால புடிக்கச் சொல்லி, தெனமும் இருபது தடவ விழ வச்சாரு. மொத வாரம் கண்ண இறுக்க மூடிக்கிட்டுத்தான் விழுந்தேன். ஆபரேசன் பண்ண எடத்துல இதப் பத்தி ஒரு வார்த்த சொல்லல, கட்டு பிரிச்சதும் நடந்து பழகுனு அனுப்பிட்டாவ.

இந்தப் பொங்கலுக்கு எறங்குனேன். ஆறு ரெய்டு, மூணு பாயிண்டு, ரெண்டு தடவ புடிச்சுப் போட்டானுவ. பழைய வேகம் இன்னும் வரல, போனஸ் கோட்டுக்கு இடது கால நீட்ட யோசிக்கேன்.

போறவிய காலையில 7 மணிக்கே போயிருங்க, சாயங்காலம் கூட்டம். வண்டிய டீக்கட முன்னால விட்டுராதீங்க, அண்ணாச்சி ஏசுவாரு.