"48 மணி நேரத்தில் சர்வதேசப் பிரசுரம்": கடலோர ஆங்கில ஆசிரியர்கள் கவனத்துக்கு

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை, சாயல்குடி என்று கடலோரம் நெடுக ஆசிரியர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே மாதிரி செய்தி ஒன்று சுற்றுகிறது. "வணக்கம் சார் / மேடம், உங்கள் கட்டுரை 48 மணி நேரத்தில் சர்வதேச ஆய்விதழில்! ஐ.எஸ்.எஸ்.என். உண்டு, டி.ஓ.ஐ. உண்டு, இம்பாக்ட் ஃபாக்டர் உண்டு, இ-சர்டிபிகேட் இலவசம்." (ஐ.எஸ்.எஸ்.என். இதழுக்கான அடையாள எண், டி.ஓ.ஐ. கட்டுரைக்கான நிலையான இணைய அடையாளம், இம்பாக்ட் ஃபாக்டர் இதழின் கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற அளவு.) இதில் மாட்டியவர் ஒருவருக்கு நடந்ததை, அவர் சம்மதத்தோடு, பெயரும் ஊரும் இல்லாமல் இங்கே தருகிறோம்.

அவர் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்துபவர். மீன் ஏலக் கூடத்தில் நடக்கும் பேச்சை வகுப்பில் நடிக்கவைத்து, பேசத் தயங்கும் மாணவர்களை ஆங்கிலத்தில் பேசவைத்ததைப் பற்றி எழுதியிருந்தார். நல்ல கட்டுரை. இரவில் அனுப்பினார், காலையில் "ஏற்கப்பட்டது" என்று பதில். மதிப்பீட்டாளர் குறிப்பு ஒரு வரிகூட இல்லை. கட்டணம் ஒரு தனிநபர் பெயரில் உள்ள யு.பி.ஐ. எண்ணுக்கு. கட்டியதும் அடுத்தடுத்த செலவுகள் கிளம்பின: கூட்டாசிரியர் பெயர் சேர்க்கத் தனி, அச்சுப் பிரதிக்குத் தனி, டி.ஓ.ஐ.க்குத் தனி. வெளியானபோது தலைப்பிலேயே எழுத்துப்பிழை, அட்டவணை பாதி காணோம், டி.ஓ.ஐ. இணைப்பைத் தட்டினால் பிழைச் செய்தி. சான்றிதழ் மட்டும் பளபளவென்று இருந்தது.

நேர்முகத்தில் அந்தக் கட்டுரையைக் கணக்கில் எடுக்கவில்லை. சரி, நல்ல இதழுக்கே அனுப்பலாம் என்று அனுப்பினால், வெளியான எழுத்துகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஒப்புமைச் சோதனையில் கட்டுரை முழுவதும் ஏற்கெனவே வெளியானதாகக் காட்டியது. ஒருமுறை வெளியானதை ஏற்பதில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பழைய இடத்தில் நீக்கச் சொன்னால், நீக்கவும் கட்டணம், அதுவும் வெளியிட வாங்கியதைவிட அதிகம். போன பணத்தை மறுமாதம் சம்பாதித்துவிடலாம். ஒரு வருட வகுப்பறை வேலையை வைத்து எழுதிய கட்டுரை போனால் போனதுதான்.

இவர்கள் காட்டும் அடையாளங்கள் எல்லாமே பாதி உண்மை. ஐ.எஸ்.எஸ்.என். என்பது எட்டு இலக்க அடையாள எண், அவ்வளவுதான். இந்தியாவில் அதைத் தில்லியில் உள்ள தேசிய மையம் இலவசமாகவே தருகிறது. தரத்தைப் பார்த்துத் தருவதில்லை. முழுப் போலி எண்ணைக் கையிலேயே பிடிக்கலாம். முதல் ஏழு இலக்கங்களை வரிசையாக 8, 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டி, கடைசி இலக்கத்தையும் சேர்த்தால் 11 ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். 0378-5955 என்ற எண்ணுக்கு 160 + 5 = 165, சரி. கடைசியில் எக்ஸ் இருந்தால் 10 என்று கொள்ள வேண்டும். கணக்கு சரியாக வந்தாலும் அதோடு நிற்காதீர்கள். ஐ.எஸ்.எஸ்.என். போர்ட்டலில் எண்ணைப் போட்டு இதழின் பெயரும் வெளியிடுபவரும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வேறொரு இதழின் எண்ணை ஒட்டிக்கொண்டு திரிபவர்கள் இங்கே அகப்படுவார்கள்.

இம்பாக்ட் ஃபாக்டர் என்றால் கிளாரிவேட் நிறுவனத்தின் ஜர்னல் சைட்டேஷன் ரிப்போர்ட்ஸில் வருவது மட்டுமே. அதைப் போலவே ஒலிக்கும் பெயர்களில் காசுக்கு மதிப்பெண் போடும் கடைகள் நிறைய உண்டு. டி.ஓ.ஐ. கொடுப்பதும் பெரிய விஷயமில்லை. ஜெனோடோ போன்ற இலவசக் களஞ்சியத்தில் யார் கோப்பை ஏற்றினாலும் ஒரு டி.ஓ.ஐ. கிடைத்துவிடும்.

ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் இருக்கிறோம் என்று சொல்பவர்களிடம் இன்னும் கவனம் தேவை. அதன் இதழ்ப் பட்டியலை யாரும் இலவசமாகத் தேடலாம். பெயரை வைத்துத் தேடாமல் ஐ.எஸ்.எஸ்.என். வைத்துத் தேடுங்கள், எந்த ஆண்டு வரை சேர்த்திருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். இடையில் நீக்கப்பட்ட இதழ்கள் பழைய பெருமையை இன்னும் விற்கின்றன. நிஜ இதழின் பெயரிலேயே போலி இணையதளம் நடத்துபவர்களும் இருக்கிறார்கள். ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற கண்காணிப்புத் தளம் அப்படிக் கடத்தப்பட்ட இதழ்களுக்கென்றே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பைத் தட்டி இதழின் தளத்துக்குப் போகவே கூடாது.

யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) பெயரில் இரண்டு பொய்கள் ஓடுகின்றன. "யு.ஜி.சி. கேர் பட்டியலில் இருக்கிறோம்" என்பது ஒன்று. 2025 பிப்ரவரியில் யு.ஜி.சி. ஏற்கத்தக்க இதழ்களின் அந்தப் பட்டியலையே நிறுத்திவிட்டதாக அறிவித்தது. "பட்டியல் போய்விட்டது, இனி எதில் வந்தாலும் செல்லும்" என்பது இன்னொன்று. இதழ்களை மதிப்பிடும் பொறுப்பு இப்போது நிறுவனங்கள் கையில். தேர்வுக் குழு கேள்வி கேட்காது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. பிஎச்.டி. செய்பவர்களிடம் "இரண்டு கட்டுரை இல்லாமல் தீசிஸ் வாங்க மாட்டார்கள்" என்று பயமுறுத்துகிறார்கள். 2022 நவம்பர் விதிமுறைகளிலேயே யு.ஜி.சி. கட்டுரை வெளியிடும் கட்டாயத்தை எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக ஏதும் கேட்கிறதா என்று நெறியாளரிடம் கேளுங்கள், தரகரிடம் வேண்டாம்.

கூட்டாசிரியர் இடம் விற்பதுதான் இதில் மகா அபத்தம். யு.ஜி.சி.யின் 2018 விதிமுறைப்படி மொழித்துறைக் கட்டுரைக்கு அடிப்படையாக 10 ஆய்வுப் புள்ளி. இரண்டு பேர் என்றால் ஆளுக்கு 70 சதவீதம். அதற்கு மேல் போனால் முதன்மை ஆசிரியருக்கு 70, மற்றவர்களுக்குத் தலா 30 சதவீதம். ஐந்தாவது பெயராகக் காசு கட்டி நுழைபவருக்கு, கட்டுரை செல்லுபடியானாலும் அந்தப் பத்தில் 3 புள்ளிதான். பள்ளி ஆசிரியர்களுக்கு அதுவும் இல்லை. அவர்களின் பதவி உயர்வு பணிமூப்பையும் தகுதியையும் பொறுத்தது. அதனால்தான் அவர்களிடம் கட்டுரையோடு "சிறந்த ஆசிரியர் விருது" சேர்த்து விற்கிறார்கள்.

கட்டணம் கேட்டாலே மோசடி என்று சொல்லிவிட முடியாது. யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க (ஓப்பன் ஆக்சஸ்) இதழ்களில் நேர்மையானவையும் கட்டணம் வாங்கும். ஆனால் தொகையைத் தளத்திலேயே முன்கூட்டிப் போட்டிருக்கும், மதிப்பீடு முடிந்து ஏற்ற பிறகு கேட்கும், நிறுவனக் கணக்கில் வாங்கும். ஐயம் இருந்தால் பழைய இதழ் ஒன்றைத் திறந்து மூன்று கட்டுரையைப் படித்துவிடுங்கள். ஆங்கில இலக்கியமும் மருந்தியலும் சிவில் இன்ஜினியரிங்கும் ஒரே இதழில் வந்தால் அங்கேயே தெரிந்துவிடும். ஆசிரியர் குழுவில் இரண்டு பேரை எடுத்து, அவர்களின் பல்கலைக்கழகப் பக்கத்தில் இந்த இதழைக் குறிப்பிட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். கேட்காமலேயே பெயர் போட்டுக்கொள்வது சகஜம்.

வகுப்பறை அனுபவத்தை எழுத நல்ல இடங்கள் இருக்கின்றன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1974 முதல் இயங்கும் ஆங்கில ஆசிரியர் சங்கமான எல்ட்டாயின் ஜர்னல் ஆஃப் இங்கிலீஷ் லாங்குவேஜ் டீச்சிங், தில்லியின் ஃபோர்டெல், பெங்களூரு மண்டல ஆங்கில நிறுவனத்தின் தி இங்கிலீஷ் கிளாஸ்ரூம் ஆகியவை நம் வகுப்பறைகளை அறிந்தவை. வெளிநாட்டில் ஹியூமனைசிங் லாங்குவேஜ் டீச்சிங், 1994 முதல் இணையத்தில் வரும் டெசல்-இஜே, 1946 முதல் வரும் ஆக்ஸ்ஃபோர்டின் இஎல்டி ஜர்னல். கடைசியாகச் சொன்னதில் இடம் கிடைப்பது கடினம். முதல்முறை எழுதுபவர்கள் சங்கச் செய்திமடலில் தொடங்குவதே நல்லது. அனுப்பும் முன் ஒவ்வொன்றின் தற்போதைய விதிமுறையையும் அதன் சொந்தத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

செய்திமடலுக்கு ஒரே ஒரு வகுப்புச் செயல்பாடு போதும்: எந்த வகுப்பு, எத்தனை பேர், எத்தனை நிமிடம், என்ன பொருள்கள், படிப்படியாக என்ன செய்தீர்கள், எங்கே சொதப்பியது. ஏலக் கூட உரையாடலில் விலை சொல்லும் பகுதியில் பிள்ளைகள் அசத்தினார்கள், மறுத்துப் பேசும் இடத்தில் தமிழுக்குத் தாவினார்கள் என்றால் அதை அப்படியே எழுதுங்கள். ஆசிரியர் குழுவுக்கு வேண்டியது அதுதான். "மொழி என்பது தொடர்புக் கருவி" என்று ஆரம்பிக்கும் முதல் பக்கத்தை வெட்டிவிடலாம். மாணவர் படமோ எழுத்தோ சேர்த்தால் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பக் கூடாது. பதில் வர மாதக்கணக்கில் ஆகும், அது இயல்பு.

ஏற்கெனவே மாட்டியிருந்தால், கட்டுரை வெளியாகும் முன் "திரும்பப் பெறுகிறேன், பதிப்புரிமை தரவில்லை" என்று மின்னஞ்சலில் எழுதுங்கள், வாட்ஸ்அப் போதாது. பதிப்புரிமைப் படிவத்தில் கையெழுத்திடாதீர்கள், நீக்கக் கட்டணமும் கட்டாதீர்கள். பணம் அனுப்பிய உடனே என்றால் 1930 என்ற சைபர் உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். யு.பி.ஐ.யின் 12 இலக்கப் பரிவர்த்தனை எண், உரையாடல் படங்கள், அவர்கள் தளத்தின் பக்கங்கள் எல்லாவற்றையும் சேமித்து வையுங்கள்; தளம் ஒருநாள் காணாமல் போகும். சேவைக் குறைபாட்டுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கட்டுரை வெளியாகியே விட்டதென்றால், நல்ல இதழுக்கு அனுப்பும்போது முகப்புக் கடிதத்திலேயே நடந்ததைச் சொல்லிவிடுங்கள். மறைத்தால் ஒப்புமைச் சோதனை காட்டிக்கொடுத்துவிடும். அவர்கள் மறுத்தால், அதே குறிப்பேடுகளிலிருந்து வேறொரு கேள்வியை எடுத்து, புதிதாக எழுதுவதுதான் வழி. பழைய கட்டுரையைச் சான்றுக் குறிப்பில் காட்டியாக வேண்டும்.