அடியில் கையுறை தைத்த பூனை மீட்புப் பை: வாங்கலாமா?

கயிறு கட்டி மரமேறியவருக்கு உண்மையான வேலை, பூனை கைக்கு எட்டிய பிறகுதான் ஆரம்பிக்கிறது. கூண்டை மேலே கொண்டுபோனால், திமிறுகிற பூனையை அதன் சின்ன வாசலில் நுழைக்க மூன்று கை வேண்டும். இந்தச் சிக்கலுக்காகவே தைக்கப்படுவதுதான் அடியில் கையுறை வைத்த துணிப்பை.

பையின் அடியில் ஒரு துளை இருக்கும். கையுறையின் வாயை அதன் விளிம்போடு சேர்த்துத் தைத்திருப்பார்கள். விரல்கள் பைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து கையை நுழைத்து, பையை முன்னங்கை மேல் சுருட்டிவிட்டுக்கொள்ள வேண்டும். பூனையின் பிடரித் தோலைப் பிடித்ததும், தலையணை உறையைப் புரட்டுவது போல மறு கையால் பையை அதன் மேல் உருட்டி, வாய்க்கயிற்றை இறுக்கிவிட்டுக் கையை உருவிக்கொள்ளலாம். பிடித்த பிடியை நடுவில் ஒரு நொடிகூட விட வேண்டியதில்லை. இதற்காகவே பைக்குக் காசு கொடுக்கலாம்.

பலரும் சொதப்புவது பூனையைக் கிளையிலிருந்து பிரிக்கும் கட்டத்தில். பூனை நகம் பின்னோக்கி வளைந்தது. மேலே ஏறத் தோதாக இருப்பதும், தலைகீழாக இறங்க உதவாமல் போவதும் அதனால்தான். பூனையைப் பின்னால் இழுத்தால் நகம் பட்டையில் இன்னும் ஆழமாகப் பதியும், பிய்ந்தும் போகலாம். சற்று முன்னோக்கித் தள்ளினாற்போல் தூக்கினால் கழன்றுகொள்ளும். பின்னங்கால் நகம் மாட்டியிருந்தால் மறு கையால் ஒவ்வொன்றாக விடுவியுங்கள். பிடிப்பதற்கு முன் கையுறையை மோந்து பார்க்க விட்டு, கன்னத்தைத் தடவிக்கொடுத்து, பூனை தளர்வதற்குக் காத்திருப்பது நேர விரயம் அல்ல.

வாங்கும்போது முதலில் கையுறையைப் பாருங்கள். தோட்ட வேலைக்கான மெல்லிய துணிக் கையுறையில் பல் சுலபமாக இறங்கிவிடும். வெல்டிங் கையுறை அளவுக்குத் தடித்த தோலில் பிடரி அகப்பட்டதா என்றே விரலுக்குத் தெரியாது. பயத்தில் அளவுக்கு மீறி நசுக்குவோம். மணிக்கட்டு வரை வளைந்துகொடுக்கும் மெல்லிய தோல்தான் சரி. பையின் துணி கிழியாத நெசவுள்ள நைலானாக இருக்கட்டும். வலைத்துணியில் காற்று வரும், நகமும் வரும். நீளம் 70 செ.மீ.க்குக் குறைந்தால் பெரிய ஆண் பூனையின் பின்னங்கால்கள் வெளியே நிற்கும், வாயை மூடவே முடியாது.

வாய்க்கயிற்றின் பிளாஸ்டிக் பூட்டை மட்டும் நம்பாதீர்கள். உள்ளிருந்து பூனை முட்ட முட்ட அது நழுவும். வாயைச் சுற்றிக் கயிற்றை இரண்டு சுற்று இழுத்து முடிச்சுப் போட்ட பிறகே காரபினரில் (கயிற்றில் மாட்டும் பூட்டுள்ள உலோகக் கொக்கி) மாட்டி இறக்குங்கள். கையுறை சேரும் இடத்தில் ஒற்றைத் தையல் இருந்தால் அந்தப் பையைத் தொடவே வேண்டாம். பூனையின் முழு எடையும் திமிறலும் அந்தத் தையலில்தான் வந்து விழுகின்றன.

ஏணிக்கு இது ஏற்றதல்ல. இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது உங்களைத் தாங்க இடுப்புவாரும் மரத்தோடு கட்டிய கயிறும் வேண்டும். மின்கம்பி பக்கத்தில் போனால் மின்வாரியம் இணைப்பைத் துண்டிக்கும் வரை யாரும் ஏறக் கூடாது. ஆள் நெருங்க நெருங்க நுனிக்கிளைக்கு நகரும் பூனையிடம் இந்தப் பை பலிக்காது. அதற்கு நீளக்கழி வலைதான்.

கீழே வந்ததும் பையை வெளியில் அவிழ்க்காதீர்கள், மறுபடி மரமேறிவிடும். மூடிய அறைக்குள் கொண்டுபோய்த் திறந்து, தண்ணீரும் கொஞ்சம் உணவும் வையுங்கள். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்த பூனையை, குறிப்பாகக் கொழுத்த பூனையை, கால்நடை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். பட்டினியால் கல்லீரலில் கொழுப்பு சேரும் ஆபத்து உண்டு. கடி பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

பயந்த பூனை பைக்குள் சிறுநீர் கழிப்பது சகஜம். அந்த வாடை அடுத்த பூனையை மிரட்டும் என்பதால், நொதி கலந்த திரவத்தில் ஊறவைத்துத் துவைத்து, உள்பக்கம் வெளியே இருக்கும்படி காயப்போட்டு, தையலையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.