சைடுபூம் ஆபரேட்டர் பயிற்சிக்கு 68,000 ரூபாய் கட்டி ஏமாந்தேன்: பணம் கட்டப் போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் ஏழு வருடம் ஜேசிபி ஓட்டியவன் நான். எங்கள் பக்கம் ராமநாதபுரம் – தூத்துக்குடி எரிவாயுக் குழாய் போட்டார்கள். 143 கிலோமீட்டர். 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். அந்த வேலை நடந்தபோதுதான் சைடுபூமை முதன்முதலாகப் பக்கத்தில் பார்த்தேன். டயருக்குப் பதில் இரும்புச் செயினில் ஓடும் வண்டி. இடது பக்கம் பூம் என்கிற தூக்கும் கை, வலது பக்கம் கவுண்டர்வெயிட் என்கிற எதிர் எடை. நாலைந்து வண்டிகள் வரிசையாக நின்று, வெல்டிங் முடிந்த நீளக் குழாயைத் தூக்கிப் பிடித்தபடி நகர்ந்து குழிக்குள் இறக்கின. ஓட்டினால் இதைத்தான் ஓட்ட வேண்டும் என்று அன்றைக்கே மனதில் விழுந்துவிட்டது. வளைகுடாவில் இந்த வண்டிக்கு நல்ல சம்பளம் என்றும் சொன்னார்கள்.

திருச்சி பைபாஸ் ஓரத்தில் ஒரு பயிற்சி மையம். பெயர் போடவில்லை, புகார் நிலுவையில் இருக்கிறது. '30 நாளில் சைடுபூம் ஆபரேட்டர் மற்றும் ரிக்கர், சர்வதேச சான்றிதழ், வளைகுடா வேலை' என்று விளம்பரம். ரிக்கர் என்றால் சுமைக்குக் கயிறு, பெல்ட் மாட்டித் தூக்க வைப்பவர். 68,000 ரூபாய் கேட்டார்கள். மனைவியின் வளையலை அடகு வைத்துக் கட்டினேன். கையில் கிடைத்த ரசீதில் 'பதிவுக் கட்டணம் 8,000' என்று மட்டும்தான் இருந்தது. மீதிக்குக் கேட்டதற்கு, "கோர்ஸ் முடிஞ்சதும் மொத்தமா தர்றோம் தம்பி" என்றார் அலுவலகத்தில் இருந்தவர். அங்கேயே நான் எழுந்து வந்திருக்க வேண்டும்.

எங்கள் பேட்சில் 27 பேர். முதல் பதினோரு நாள் ஒரு அறைக்குள் உட்கார வைத்து ஜெராக்ஸ் தாள்களை வாசிக்கச் சொன்னார்கள். அத்தனையும் டயர் கிரேன் பற்றியவை, சைடுபூம் பற்றி ஒரு பக்கம்கூடக் கிடையாது. பன்னிரண்டாம் நாள் யார்டுக்குக் கூட்டிப் போனார்கள். ஓடுகிற வண்டி என்று இருந்தது ஒரே ஒரு ஹைட்ரா, அதாவது சின்ன டயர் கிரேன். ஆளுக்கு ஐந்து நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. மூலையில் ஒரு பழைய சைடுபூம் நின்றது. செயின் பட்டைகளுக்கு நடுவே புல் முளைத்திருந்தது. கயிறு சுற்றும் டிரம்மில் வயர்ரோப் என்கிற எஃகுக் கயிறு இல்லை. பேட்டரிப் பெட்டியைத் திறந்து பார்த்தேன், காலி. ஒவ்வொருவராக ஹெல்மெட் போட்டு சீட்டில் ஏறி, லீவரைப் பிடித்தபடி உட்காரச் சொல்லிப் போட்டோ எடுத்தார்கள். அன்றைக்கு நான் பச்சைச் சட்டை. அந்தப் போட்டோதான் சான்றிதழில் ஒட்டியிருக்கிறது.

பணம் போனதைவிட எனக்கு ஆறாதது, அவர்கள் தப்பாகச் சொல்லிக் கொடுத்தது. வயர்ரோப்பின் முனையை மடக்கிக் கண் (வளையம்) போடும்போது, அதை இறுக்கும் புல்டாக் கிளிப்பின் சேடில் என்கிற அடிப்பகுதி, பாரம் தாங்கும் கயிற்றின் மேல் உட்கார வேண்டும். வளைந்த கம்பியான யு-போல்ட், வெட்டிவிட்ட முனைப் பக்கம் வர வேண்டும். எங்களுக்குத் தலைகீழாகக் காட்டினார்கள். அப்படிப் போட்டால் பாரம் தாங்கும் கயிற்றை யு-போல்ட் நசுக்கி விடும். சுமை ஆடினால் "கையால பிடிச்சு நிறுத்து" என்றார் சொல்லிக் கொடுத்தவர். சுமையில் கட்டி, தள்ளி நின்று அதன் ஆட்டத்தை அடக்கும் டேக் லைன் கயிறு என்ற வார்த்தையே அந்த 30 நாளில் என் காதில் விழவில்லை. சிக்னல்மேன் ஒருவர் சொல்வதைத்தான் ஆபரேட்டர் கேட்க வேண்டும், ஆனால் நிறுத்தச் சொல்லும் சைகையை யார் காட்டினாலும் அந்த நொடியே நிறுத்த வேண்டும். இந்த அடிப்படையைக்கூடச் சொல்லவில்லை.

சான்றிதழை எடுத்துக்கொண்டு சென்னையில் ஒரு ட்ரேட் டெஸ்டுக்கு, அதாவது வேலைக்கு எடுக்கும் முன் வைக்கும் திறன் தேர்வுக்குப் போனேன். தேர்வு எடுத்தவர் வளைகுடாவில் இருபது வருடம் பைப்லைன் ஃபோர்மேனாக இருந்தவர். தாளைக் கையில் வாங்கியவர் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கணக்குக் கொடுத்தார்: "24 இன்ச் பைப், 12.7 மில்லிமீட்டர் தடிமன், 12 மீட்டர் நீளம். என்ன வெயிட் வரும் தம்பி?" விழித்தேன். அவரே எழுதிக் காட்டினார். வெளிவிட்டம் 610 மில்லிமீட்டர். அதில் தடிமனைக் கழித்து, தடிமனால் பெருக்கி, 0.02466-ஆல் பெருக்கினால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 187 கிலோ. 12 மீட்டருக்கு 2,245 கிலோ, அதாவது இரண்டேகால் டன்.

அடுத்து, சுமை தூக்கும் பட்டையான பெல்ட் இரண்டை மேசையில் போட்டார், பச்சை நிறம். பச்சை என்றால் நேராகத் தூக்க இரண்டு டன். "இந்த ரெண்டையும் சோக்கர் போட்டு மாட்டித் தூக்குவியா?" சோக்கர் என்றால் பெல்ட்டைச் சுருக்குப் போலப் பைப்பைச் சுற்றி இறுக்குவது. இரண்டு பெல்ட், நாலு டன், தாராளம் என்று நினைத்து "தூக்குவேன் சார்" என்றேன். "எந்தக் கோணத்துல?" என்றார். அதற்குப் பதில் இல்லை என்னிடம்.

கோணம் பார்க்காமல் பெல்ட் போடுகிறவன் கொலைக்குத் துணை போகிறான் என்று இப்போது புரிகிறது. பெல்ட் கிடைமட்டத்திலிருந்து 60 டிகிரியில் நின்றால், அந்த இரண்டேகால் டன்னுக்கு ஒவ்வொன்றிலும் 1.3 டன் இழுவிசை. 30 டிகிரிக்குப் படுத்துவிட்டால் ஒவ்வொன்றிலும் முழு இரண்டேகால் டன். சோக்கர் போட்டாலோ பெல்ட்டின் திறனே 80 சதவீதமாகக் குறைந்து 1.6 டன் ஆகிவிடும். அதே பெல்ட், அதே பைப்தான். 60 டிகிரியில் அதன் திறனுக்குள் நிற்கும், 30 டிகிரியில் திறனைத் தாண்டிவிடும்.

கடைசியாக ஒரு பெல்ட்டைக் கையில் கொடுத்து, வேலைக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டார். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது, "போகலாம் சார்" என்றேன். விளிம்பை விரலால் மடித்துக் காட்டினார். உள்ளேயிருந்து சிவப்பு நூல் எட்டிப் பார்த்தது. தேய்ந்துவிட்டது, இனித் தொடாதே என்று சொல்வதற்காகவே உள்ளே வைத்து நெய்த நூல் அது. அவர் என்னைத் திட்டவில்லை. "தம்பி, இந்தப் பேப்பரை நம்பி உன்னை ஏத்திவிட்டா, குழிக்குள்ள நிக்கிறவன் வீட்டுக்கு யாரு பதில் சொல்றது?" என்று மட்டும் கேட்டார்.

சைடுபூம் எப்படிப்பட்ட வண்டி என்பதையும் அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். கேட்டர்பில்லர் 583 என்றால் 63 டன் தூக்கும் என்பார்கள். அது செயினிலிருந்து 1.22 மீட்டர் தூரத்தில் தொங்கும் சுமைக்கு மட்டும். பூமை இறக்கி அதையே இரண்டு மடங்கு தூரம் தள்ளினால், தூக்கும் திறன் ஏறத்தாழப் பாதியாகிவிடும். தரை பக்கவாட்டில் சரிந்திருந்தால் இன்னும் குறையும். குழியின் ஓரம் இளகிய மண்ணாக இருந்தால் எவ்வளவு தூக்கலாம் என்று காட்டும் லோடு சார்ட்டில் உள்ள எண்ணை நம்பவே கூடாது. கவுண்டர்வெயிட்டை எப்போது வெளியே தள்ளுவது, எப்போது உள்ளே இழுப்பது, வண்டி சாயத் தொடங்கினால் சுமையைச் சட்டென்று தரைக்கு விடும் லீவர் எங்கே என்பதெல்லாம் கைக்குப் பழகியிருக்க வேண்டும். நாலு வண்டி சேர்ந்து ஒரு குழாயைப் பிடித்திருக்கும்போது ஒருவன் தன் கயிற்றைத் தளர்த்தினால், அந்தப் பாரம் பக்கத்து வண்டியின் மேல்தான் ஏறும். பேட்டரி இல்லாத வண்டியில் உட்கார்ந்து இதையெல்லாம் கற்றுக்கொள்ள முடியாது.

எங்கள் பேட்சில் இருந்த பட்டுக்கோட்டைப் பையன் ஒருவன் வேறு ஏஜென்ட் மூலம் ரிக்கராக வெளிநாடு போனான். ஒன்பதாவது நாள், தொங்கிய பைப் சுழன்றது. சொல்லிக் கொடுத்தபடியே கையால் பிடித்து நிறுத்தப் போயிருக்கிறான். பைப்புக்கும் லாரியின் கம்பத்துக்கும் நடுவே கை மாட்டிக்கொண்டது. வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. ஊருக்கு வந்தவனைப் போய்ப் பார்த்தேன். "அண்ணே, கயிறு கட்டணும்னு யாருமே சொல்லலையே" என்றான். இதை எழுத உட்கார்ந்ததே அவனுக்காகத்தான்.

சவுதியில் அராம்கோ வேலைகளில் ரிக்கரை மூன்று படியாகப் பிரிக்கிறார்கள். 3 தான் தொடக்கம், 1 தான் மேல்நிலை. எங்கள் தாளில் 'ரிக்கர் லெவல் 3 – உயர்நிலை' என்று அச்சடித்திருந்தது. க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் அந்த மையத்தின் சொந்தப் பக்கம்தான் திறக்கிறது. பணத்தைத் திருப்பிக் கேட்க மையத்துக்குப் போனபோது, "வேலைக்கு நாங்க கேரண்டி கொடுக்கலையே" என்றார்கள். கற்றுக் கொடுக்கவும் இல்லையே என்றேன். பதில் வரவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரை கொடுத்த பணத்துக்கு அங்கே வழக்குக் கட்டணம் கிடையாது. புகார் போனதும் மையத்துக்காரர்கள் கூப்பிட்டு, 20,000 தருகிறோம், வாபஸ் வாங்கு என்றார்கள். மாட்டேன் என்றேன். என்னிடம் இருப்பது 8,000 ரூபாய் ரசீது ஒன்றுதான். மீதியை ஜிபேயில் அனுப்பியதால் பிழைத்தேன். ரொக்கமாகக் கொடுத்தவர்கள் கையில் எதுவுமே இல்லை.

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் தம்பிகள், பணம் கட்டும் முன் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வேலை நாளில் யார்டுக்குப் போய் நில்லுங்கள். சைடுபூமை உங்கள் கண் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். லோடு சார்ட் கேபினில் இருக்கிறதா, ஒரு வண்டிக்கு எத்தனை பேர், சீட்டில் எனக்கு மொத்தம் எத்தனை மணி நேரம் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். சொல்லிக் கொடுப்பவர் எந்தக் குழாய் லைனில் வேலை பார்த்தார் என்று கேளுங்கள், உண்மையிலேயே பார்த்தவர் உடனே சொல்லிவிடுவார். வெளிநாட்டுக்கு அனுப்புகிறேன் என்கிற ஏஜென்ட்டின் பதிவு எண்ணை, வெளிநாட்டு வேலைக்கான அரசின் இமைக்ரேட் தளத்தில் தேடிப் பாருங்கள். சட்டப்படி அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும் மட்டும்தான்.

நான் இப்போது ஒரு குழாய் வேலையில் ஹெல்பராக இருக்கிறேன். சம்பளம் ஜேசிபியில் வாங்கியதைவிடக் குறைவு. சாயங்காலம் வேலை முடிந்ததும் பெரியவர் ஒருவர் காலி வண்டியில் ஏற்றி லீவர் பழக்குகிறார்.

போன வாரம் மணப்பாறை பஸ் ஸ்டாண்டில் அந்த மையத்தின் புதுப் போஸ்டரைப் பார்த்தேன். அடுத்த பேட்ச் திங்கட்கிழமை தொடங்குகிறதாம். அதில் பச்சைச் சட்டையோடு சைடுபூம் சீட்டில் உட்கார்ந்திருப்பவன் நான்தான். அந்த வண்டி ஓடாது.