காசு கட்டும் ஆண்டிவைரஸை நிறுத்திய பிறகு: டிஃபெண்டரோடு சில வருடங்கள்

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே டெஸ்க்டாப்தான். அப்பாவுக்கு நெட் பேங்கிங், மனைவிக்கு டியூஷன் நோட்ஸ், பையனுக்கு கேம். 2019 வரை வருடா வருடம் காசு கட்டி ஓர் ஆண்டிவைரஸ் வைத்திருந்தோம். ரென்யூவல் நெருங்கினால் போதும், வைரஸை விட அதன் சிவப்புப் பெட்டிதான் அதிகமாகப் பயமுறுத்தும். அந்த வருடம் ரென்யூ செய்யவில்லை. விண்டோஸோடு இலவசமாக வரும் டிஃபெண்டர்தான் அன்றிலிருந்து காவல்.

விண்டோஸ் 8 வெளிவந்த 2012 வாக்கில் டிஃபெண்டர் என்றாலே சிரிப்பார்கள். ஏவி-டெஸ்ட் போன்ற சோதனைக் கூடங்களின் பட்டியலில் கடைசி வரிசையில் கிடந்தது. இப்போது அதே பட்டியல்களில் காசு வாங்கும் பெரிய கம்பெனிகளோடு தோளுரசி நிற்கிறது. நம்பாதவர்கள் ஐகார் என்ற சோதனைக் கோப்பை வைத்துப் பார்க்கலாம். 68 எழுத்துகள் கொண்ட ஒற்றை வரி, யாருக்கும் தீங்கு செய்யாது. ஆண்டிவைரஸ் விழித்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே உருவாக்கியது. நோட்பேடில் ஒட்டி சேவ் செய்தேன். மூலையில் அறிவிப்பு வந்தது, ஃபோல்டரைத் திறந்தால் ஃபைலைக் காணோம்.

எங்கள் ஊர்ப்பக்கம் வைரஸ் வீட்டுக்குள் வரும் ராஜபாட்டை பென் டிரைவ்தான். ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டரில் ஒருமுறை செருகி எடுத்தால், திரும்பி வரும்போது ஃபோல்டர்கள் எல்லாம் ஓரத்தில் சின்ன அம்புக்குறியோடு ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். அதைத் தட்டினால் வைரஸும் ஓடும், உள்ளே இருக்கும் ஃபோல்டரும் திறக்கும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. டிஃபெண்டர் இதைச் செருகிய சூட்டோடு பிடித்துவிடுகிறது. ஆனால் வைரஸ் மறைத்து வைத்த ஃபோல்டர்களை அது மீட்டுத் தராது. ஷார்ட்கட் போய்விடும், டிரைவ் காலியாகத் தெரியும். “ஆண்டிவைரஸ் எல்லாத்தையும் அழிச்சிருச்சு” என்று மனைவி பதறியது இதனால்தான். ஒன்றும் அழியவில்லை. கமாண்ட் ப்ராம்ப்டில் அட்ரிப் கட்டளையால் மறைப்பை எடுத்துவிட்டதும் அத்தனையும் வந்துவிட்டன. இப்போதெல்லாம் கடையிலேயே வாட்ஸ்அப்பில் வாங்கி பிரிண்ட் போட்டுத் தருகிறார்கள், பென் டிரைவ் மேஜை டிராயரில் தூங்குகிறது.

டிஃபெண்டரை வந்தபடியே விட்டுவைத்தால் பாதி பலன்தான். ‘கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்’ என்ற வசதி 2017 அக்டோபர் அப்டேட்டில் வந்தது. அனுமதி இல்லாத புரோகிராம் எதுவும் டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களில் கை வைக்க முடியாது. ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேருக்கு இது நல்ல தடுப்பு. ஆனால் நாமாக ஆன் செய்தால்தான் வேலை செய்யும். ஆன் செய்ததும் தொல்லையும் சேர்ந்தே வந்தது. எங்கள் பழைய ஸ்கேனர் சாஃப்ட்வேர் சேவ் செய்ய முடியாமல் “ஃபைல் இல்லை” என்று சம்பந்தமில்லாத பிழையைக் காட்டியது. அதை அனுமதிப் பட்டியலில் சேர்த்த பிறகுதான் அடங்கியது. முதல் சில வாரம் இப்படிப் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

என் கணிப்பில் இதைவிடப் பெரிய பலன், பையனுக்கு ஸ்டாண்டர்ட் அக்கவுன்ட் போட்டுக் கொடுத்தது. கேமுக்கு கிராக் (காசு கட்டாமல் ஆட வைக்கும் திருட்டு ஃபைல்), மாட் (கேமை மாற்றியமைக்கும் ஃபைல்) என்று எதை இறக்கினாலும் சிஸ்டத்தில் கை வைக்க என் பாஸ்வேர்டைக் கேட்கும். கிராக் ஃபைல்களின் கூடவே ரான்சம்வேர் வருவது ஊரறிந்த விஷயம். அவன் முறைப்பான், முறைக்கட்டும். போட்டோக்களை மாதம் ஒருமுறை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் ஏற்றிக் கழற்றி வைத்துவிடுவோம். செருகியபடியே விட்டால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

டிஃபெண்டர் கண்டுகொள்ளாத சமாச்சாரமும் உண்டு. ஒருநாள் அப்பா கூப்பிட்டார்: “டேய், சிஸ்டத்துல அஞ்சு வைரஸ் இருக்காம்டா, பணம் கட்டச் சொல்றான்.” போய்ப் பார்த்தால் வைரஸே இல்லை. ஏதோ ஒரு சைட் “நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா” என்று கேட்டதற்கு ‘அலோ’ அழுத்தியிருக்கிறார், அதன் விளம்பரம்தான் எச்சரிக்கை வேஷத்தில் வந்திருக்கிறது. குரோம் செட்டிங்கில் அந்த அனுமதியை நீக்கியதும் நின்றது. இதைவிட மோசமானது போலி கேப்சா. நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, பேஸ்ட் செய்து, என்டர் தட்டுங்கள் என்பார்கள். தட்டினால் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளைத் திருடும் நிரலை நம் கையாலேயே ஓடவிட்டதாகிவிடும். எந்த நிஜ கேப்சாவும் அப்படிக் கேட்காது என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

வேகத்தைப் பற்றி ஒரு வரி: ஹார்ட் டிஸ்க் இருந்த காலத்தில் ஸ்கேன் ஓடினால் மெஷின் முக்கித் திணறும், எஸ்எஸ்டி போட்ட பிறகு ஸ்கேன் நடப்பதே தெரிவதில்லை.

அப்டேட்டை மட்டும் தள்ளிப் போடுவதில்லை. 2017 மே மாதம் வான்னாகிரை என்ற ரான்சம்வேர் உலகத்தையே ஆட்டியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது. இப்போது எங்கள் தலைவலியும் அதுதான். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. எங்கள் ஆறாம் தலைமுறை இன்டெல்லை விண்டோஸ் 11 ஏற்காது. பாதுகாப்பு அப்டேட்டுக்கான ஒரு வருட நீட்டிப்பில் சேர்ந்திருக்கிறோம், அது 2026 அக்டோபர் வரை. தீபாவளி ஆஃபரில் புது மெஷின் எடுக்கலாம் என்கிறார் அப்பா. அந்த வருடம் தீபாவளி நவம்பரில் வருகிறது, அதற்கு முன்பே வாங்கிவிடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறேன்.